பெலிச்சிக் ஆள் எடுத்தாரா, ஆள் ஆக்கினாரா?

கணக்குப்பிள்ளை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அமெரிக்கன் ஃபுட்பால் இழை. மெஸ்ஸியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். சுண்டல் கைக்கு வருவதற்குள் பேச்சு, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் முன்னாள் தலைமைக் கோச் பில் பெலிச்சிக்கிடம் போய்விட்டது. ஒருவர் "ஆறு சூப்பர் பவுல் ஜெயித்த மேதை" என்றார் (சூப்பர் பவுல் என்றால் சீசனின் இறுதி ஆட்டம்). இன்னொருவர் "டாம் பிரேடி என்று ஒரு லாட்டரிச் சீட்டு விழுந்தது, அவ்வளவுதான்" என்றார். அரைமணி நேரம் சத்தம். இருவரும் ட்ராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்துக் கல்லூரிப் பையன்களை எடுக்கும் தேர்வில், ஆள் எடுப்பதையும், எடுத்த ஆளைத் தேற்றுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து 2000 முதல் 2023 வரை பேட்ரியாட்ஸ் எடுத்த பெயர்களை எல்லாம் எக்ஸெலில் போட்டுவிட்டேன்.

என் கட்சி இதுதான்: ஒரு கோச்சின் ஆள் கணக்கை ஒரே கூட்டுத்தொகையாகப் போடக் கூடாது. எடுத்தது ஒரு பேரேடு. வளர்த்தது ஒரு பேரேடு. விட்டது, அதாவது யாரை எந்த நேரத்தில் என்ன விலைக்குக் கைமாற்றினார் என்பது இன்னொன்று.

பெரும்பாலான மற்ற அணிகளில் எடுப்பவர் ஒருவர், பயிற்சி கொடுப்பவர் வேறொருவர். பெலிச்சிக்குக்கு முன்னால் இதே பேட்ரியாட்ஸில் இருந்த பில் பார்செல்ஸ் அதனால்தான் முறைத்துக்கொண்டு போனார். 1996 ட்ராஃப்டில் அவர் தடுப்பாட்டக்காரர் ஒருவரைக் கேட்டார், முதலாளி தரப்பு டெரி கிளென் என்ற ரிசீவரை (வீசும் பந்தைப் பிடிப்பவரை) எடுத்தது. சமையல் என் பொறுப்பு என்றால் மளிகை வாங்கவும் என்னை விட வேண்டும் என்று அவர் சொன்னது இன்றுவரை ஓடுகிற வசனம். பெலிச்சிக்கிடம் மளிகைப் பையும் இருந்தது, கரண்டியும் இருந்தது. ஆகவே பழியைத் தள்ளிவிட அவருக்கு ஆள் இல்லை.

என் தாளில் தெரிவது: முதல் சுற்றை மட்டும் பாருங்கள். 2001இல் இருந்து 2012 வரை ரிச்சர்ட் சீமோர், டை வாரன், வின்ஸ் வில்ஃபோர்க், லோகன் மேன்கின்ஸ், ஜெராட் மேயோ, டெவின் மெக்கோர்ட்டி, நேட் சோல்டர், சாண்ட்லர் ஜோன்ஸ், டான்டா ஹைடவர். சொதப்பல் என்று அடித்துச் சொல்ல லாரன்ஸ் மரோனி ஒருவர்தான். 2014 முதல் டொமினிக் ஈஸ்லி, மால்கம் பிரவுன், ஐசையா வின், சோனி மிஷெல், நிக்கீல் ஹாரி, மேக் ஜோன்ஸ், கோல் ஸ்ட்ரேஞ்ச். படித்தாலே வித்தியாசம் புரியும்.

இன்னொரு அளவுகோலும் போட்டேன்: எடுத்தவனுக்கு அதே அணி இரண்டாவது ஒப்பந்தம் கொடுத்ததா? 2013இல் மூன்றாம் சுற்றில் எடுத்த டுரான் ஹார்மனுக்கு அப்புறம், பெலிச்சிக் இருந்தவரை, முதல் மூன்று சுற்றில் வந்த ஒருவருக்கும் அவர் பல வருட ஒப்பந்தம் போட்டு மறுபடி வைத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம்! வாருங்கள், அடியுங்கள்.

ஜெட்ஸ்_பக்தன்:

அடிக்கத்தான் வந்தேன். இருபது வருடமாக அந்த மனுஷனிடம் அடி வாங்கிய நியூயார்க் ஜெட்ஸ் ரசிகன் நான், எனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டாமா?

பிரேடியை எந்தப் பேரேட்டில் எழுதுவீர்கள்? 2000 ட்ராஃப்டில் 199ஆவது தேர்வு, ஆறாவது சுற்று. அவருக்கு முன்னால் மற்ற அணிகள் ஆறு குவார்ட்டர்பேக்கை (அவரைப் போலவே பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்களை) எடுத்தன என்று எல்லோரும் சிரிப்பார்கள். அதில் எங்கள் சாட் பெனிங்டனும் உண்டு, 18ஆவது. ஆனால் பேட்ரியாட்ஸே பிரேடிக்கு முன் ஆறு பேரை எடுத்தது என்பதை யாரும் பேச மாட்டார்கள். ஏட்ரியன் கிளெம், ஜே.ஆர். ரெட்மண்ட், கிரெக் ராண்டல், டேவ் ஸ்டாசெல்ஸ்கி, ஜெஃப் மேரியட், ஆன்ட்வான் ஹாரிஸ். ஆன்ட்வான் ஹாரிஸ் அதே ஆறாவது சுற்றில் 187ஆவது. பிரேடி யார் என்று தெரிந்திருந்தால் 187இல் இன்னொருவரை எடுப்பார்களா? தெரியாமல் தடுக்கி விழுந்த இடத்தில் தங்கம் கிடைத்தது. அதை "எடுத்தது" பேரேட்டில் வரவு வைக்காதீர்கள்.

மூன்றாம்_டவுன்:

பக்தரே, எடுத்ததில் பாதி வரவுதான், ஒப்புக்கொள்கிறேன். குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரீபைன் போய்ப் பார்த்துவிட்டு வந்து பிரேடிக்காகப் பேசியவர். அவர் 2001 ஆகஸ்டில் இறந்துபோனார், பிரேடி முதல் ஆளாக இறங்கி ஆடியதைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெயரையும் எழுதிவிடுங்கள்.

ஆனால் நான் பார்ப்பது மறுநாள் நடந்ததை. 2000 சீசனில் பெலிச்சிக் அணியில் நான்கு குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டார்: ட்ரூ பிளெட்சோ, ஜான் ஃப்ரீஸ், மைக்கேல் பிஷப், பிரேடி. நான்கு என்பது பைத்தியக்காரத்தனம். 53 பேர் பட்டியலில் ஓர் இடம் என்பது ஒரு சம்பளம், ஒரு லைன்பேக்கர், காயம்பட்டால் இறங்க ஓர் ஆள். அந்த வருடம் பிரேடி வீசியது மொத்தம் மூன்றே பாஸ். அணி 5-11 (5 வெற்றி, 11 தோல்வி) என்று தோற்றுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஆறாவது சுற்றுப் பையனுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தது தற்செயல் இல்லை.

அப்புறம் 2001 செப்டம்பரில் மோ லூயிஸ் (உங்கள் ஜெட்ஸ் ஆள்தான், நன்றி) அதுவரை முதல் ஆளாக ஆடிய பிளெட்சோவை இடித்துத் தள்ளினார். பிளெட்சோ குணமாகி வந்த பிறகும் பெலிச்சிக் பிரேடியையே ஆடவிட்டார். பத்து வருடத்துக்கு நூறு மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்ட ஆளை அந்த வருடமே பெஞ்சில் உட்காரவைக்க எத்தனை கோச்சுக்குத் தைரியம் வரும்? இது மூன்று பேரேட்டில் எதிலும் இல்லை. யாரை ஆடவிடுவது என்று நான்காவதாக ஒன்று போடுங்கள்.

ராத்தூக்கம்:

சென்னையிலிருந்து. திங்கள்கிழமை காலை அஞ்சு மணிக்கு அலாரம் வைத்து சூப்பர் பவுல் பார்க்கிற ஜாதி. ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள். ஐ.பி.எல் ஏலத்தில் காசு இருந்தால் யாரையும் தூக்கலாம். இங்கே ஜெயித்தவன் கடைசியில்தானே எடுக்க வேண்டும்? அப்படியானால் எப்போதும் ஜெயிக்கிற அணியை, எப்போதும் தோற்கிற அணியோடு எப்படி ஒப்பிடுவீர்கள்?

கணக்குப்பிள்ளை:

சிரிக்கிற கேள்வியே இல்லை தம்பி, மொத்தச் சண்டையும் அங்கேதான்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நியாயமான எதிர்பார்ப்பு உண்டு. ஆறாவதாக எடுக்கும்போது சீமோர் கிடைத்தால் நல்லது, ஆனால் அந்த இடத்தில் நல்ல ஆள் கிடைக்கத்தான் வேண்டும். (அன்று பாஸ்டனில் பலர் ரிசீவர் டேவிட் டெரலை விட்டுவிட்டாரே என்று திட்டினார்கள். சீமோர் 2022இல் ஹால் ஆஃப் ஃபேம் போனார்.) 32ஆவது இடத்தில் மேன்கின்ஸ் கிடைப்பது வேறு. 232ஆவது இடத்தில் எடெல்மேன் கிடைப்பது இன்னும் வேறு. ஆக, "எத்தனை நட்சத்திரம்" என்று எண்ணாமல், "அந்த இடத்தில் வழக்கமாகக் கிடைப்பதைவிட எவ்வளவு கூட" என்று பார்க்க வேண்டும்.

பொருளாதாரக்காரர்கள் ரிச்சர்ட் தேலரும் கேட் மேசியும் இதை நன்றாகக் குடைந்திருக்கிறார்கள். முன்னால் எடுத்தவன், அதே இடத்தில் ஆடுகிற அடுத்துப் போனவனைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று கண்டார்கள். அணிகள் தங்கள் கண்ணை அளவுக்கு மீறி நம்பி, மேலே ஏற விலை கொடுக்கின்றன. பெலிச்சிக் அதனால்தான் கீழே இறங்கி இறங்கி நிறையச் சீட்டு சேர்த்தார்.

2013ஐப் பாருங்கள். 29ஆவது தேர்வை மின்னசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு 52, 83, 102, 229 வாங்கினார். 52இல் ஜேமி காலின்ஸ், 83இல் லோகன் ரையன். 102இல் ஜாஷ் பாய்ஸ் என்ற ரிசீவர், வீண். 229ஐ வைத்து டாம்பா பேயிடம் லெகரட் பிளவுன்ட்டை வாங்கிவிட்டார். ஒரு மாட்டை விற்று மூன்று கறவை மாடும் ஒரு கிடேரியும்.

ஃபாக்ஸ்பரோ_வாசி:

அந்தக் கிடேரியைப் பற்றி நான் பேச வேண்டும். பாய்ஸ் வீண் இல்லை சார்.

இரண்டாம் சுற்றில் பெலிச்சிக் எடுத்துச் சொதப்பிய பின்கள ஆட்களை (எதிரணி ரிசீவர்களை மறிப்பவர்களை) வரிசையாகச் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2008 டெரன்ஸ் வீட்லி. 2009 டேரியஸ் பட்லர். 2011 ரஸ்-ஐ டவ்லிங். 2012 டாவன் வில்சன். 2015 ஜார்டன் ரிச்சர்ட்ஸ். 2016 சைரஸ் ஜோன்ஸ். 2018 டியூக் டாசன். 2019 ஜோஜுவான் வில்லியம்ஸ். இவர்களில் ஒருவர்கூட இங்கே நிலைக்கவில்லை. தானே பின்களத் தடுப்பில் கரைகண்டவர், தன் துறையிலேயே இப்படி! 2009இல் பட்லரை எடுத்தபோது என் பையனுக்கு அவர் பெயர் போட்ட சட்டை வாங்கிக் கொடுத்தேன். பையன் வளர்வதற்குள் பட்லர் போய்விட்டார்.

அதே காலத்தில் ட்ராஃப்டில் எந்த அணியும் தொடாத ஆட்கள் அந்த இடங்களில் வந்து நின்றார்கள். மால்கம் பட்லர், ஜானதன் ஜோன்ஸ், ஜே.சி. ஜாக்சன். ஜாக்சன் 2020இல் ஒன்பது, 2021இல் எட்டு பந்தைப் பறித்துவிட்டு, சார்ஜர்ஸிடம் ஐந்து வருடத்துக்கு 82.5 மில்லியன் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு போனார். ஆக எடுக்கத் தெரியவில்லை, ஆக்கத் தெரிந்திருக்கிறது. கணக்குப்பிள்ளை சார் பேரேட்டைப் பிரித்தது சரி என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இப்போது பாய்ஸ். மால்கம் பட்லர் 2014 மே மாதம் சும்மா முயற்சிக்கு வந்து பார்க்கச் சொன்ன பையன். வெஸ்ட் அலபாமா. நடுவில் கல்லூரியை விட்டுத் துரத்தப்பட்டு ஒரு வறுத்த கோழிக் கடையில் வேலை பார்த்தவர். அந்த சீசன் கடைசியில், சூப்பர் பவுலுக்கு முந்திய பயிற்சியில், எதிரணி சியாட்டில் மாதிரி ஆடிக் காட்டும் குழுவில் பாய்ஸ் இருந்தார். கோல்கோட்டருகே இரண்டு ரிசீவர் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள், முன்னவர் தடுப்பார், பின்னவர் உள்ளே வெட்டி ஓடுவார். பட்லர் ஓர் அடி பின்வாங்கிச் சுற்றிக்கொண்டு போனார். மாற்றுக் குவார்ட்டர்பேக் கரோப்பலோ வீசினார், பாய்ஸ் கோட்டைத் தாண்டிப் பிடித்தார், டச்டவுன். அதில் நீ முந்திப் பாய வேண்டும் என்று பெலிச்சிக் அங்கேயே திருத்தினார்.

2015 பிப்ரவரி 1, அரிசோனா. 28-24, நாங்கள் முன்னிலை. சியாட்டில் எங்கள் கோட்டுக்கு ஒரு கெஜத்தில், ஒரு நிமிடம் மிச்சம். எல்லோரும் பெலிச்சிக் டைம் அவுட் கேட்பார் என்று கத்துகிறோம். அவர் அசையவில்லை, கார்னர்பேக் (ஓரத்துப் பின்களக்காரர்) மூன்று பேரை இறக்கிவிட்டு 26 வினாடி வரை கடிகாரத்தை ஓடவிட்டார். அதே இரட்டை வரிசை. எங்கள் பிரவுனர் முன்னவரை முட்டி நிறுத்துகிறார். இந்த முறை பட்லர் பின்வாங்கவில்லை, நேர்க்கோட்டில் பாய்ந்தார். சியாட்டில் ரிசீவர் லாக்கெட்டுக்கு வந்த பந்து இவர் நெஞ்சில்.

வீணாய்ப்போன 102ஆவது தேர்வு, யாரும் எடுக்காத ஒருவனைத் தேற்றிவிட்டது. இதை எந்தப் பத்தியில் போடுவீர்கள்?

கணக்குப்பிள்ளை:

தெரியவில்லை சார். அந்தப் பெட்டியை மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன்.

ஜெட்ஸ்_பக்தன்:

அழகாகச் சொன்னீர்கள், கண் கலங்கிவிட்டது. இப்போது ரிசீவர் பக்கம் வாருங்கள், எனக்கு ஆனந்தக் கண்ணீர் வரும்.

2006: சேட் ஜாக்சனுக்காக 52, 75 இரண்டையும் கிரீன் பேவிடம் கொடுத்து 36க்கு ஏறினார். கிரீன் பே அதே 52இல் கிரெக் ஜென்னிங்ஸை எடுத்தது! 2009 பிராண்டன் டேட், 2010 டெய்லர் பிரைஸ், 2013 ஆரன் டாப்சன். 2019இல் ஹாரி 32ஆவது. அவருக்குப் பின்னால் போனவர்கள்: டீபோ சாமுவேல் 36, ஏ.ஜே. பிரவுன் 51, டி.கே. மெட்காஃப் 64. ஹாரி மூன்று வருடத்தில் பிடித்தது 57 பந்து, நாலு டச்டவுன். கடைசியில் சிகாகோ ஓர் ஏழாவது சுற்றுத் தேர்வைக் கொடுத்து அழைத்துக்கொண்டு போனது. 2022இல் டைக்வான் தார்ன்டன் 50, ஜார்ஜ் பிக்கன்ஸ் 52. ஓடத் தெரிந்தவனா பிடிக்கத் தெரிந்தவனா என்ற கேள்வியில் அந்த மனுஷன் ஒவ்வொரு முறையும் தவறான பக்கம் விழுந்திருக்கிறார்.

மூன்றாம்_டவுன்:

டீயான் பிராஞ்சை மறந்துவிட்டீர்களே, 2002இல் 65ஆவது. சூப்பர் பவுல் ஆட்டநாயகன். ஆனால் அது முதல் மூன்று நான்கு வருடத்தோடு சரி, பொதுவாக நீங்கள் சொல்வது உண்மை.

எடெல்மேன் கதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். கென்ட் ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக். 2009இல் ஏழாவது சுற்றில் எடுத்தார்கள். முதல் நான்கு வருடத்தில் பிடித்த பந்து 69. நான்கு வருடமும் சேர்த்து! நடுவில் 2011இல் ஆள் பற்றாக்குறை என்று கார்னர்பேக்காக இறக்கினார்கள். எதிரணி உதைத்துவிட்ட பந்தை (பண்ட்) எடுத்துத் திரும்ப ஓடினார். ஒப்பந்தம் முடிந்தது, வேறு யாரும் சீந்தவில்லை, ஒரு வருடத்துக்குத் திரும்பினார். ஐந்தாவது வருடம், 2013இல், 105 பந்து. 2018 சீசன் சூப்பர் பவுலில் ஆட்டநாயகன்.

ரிசீவரை வளர்க்கத் தெரியாது என்பது சரியா, அல்லது வளர இவ்வளவு வருடம் ஆகும் முறையில் ஆடினார்களா? பிரேடியோடு ஆடும் ரிசீவர் ஓடத் தொடங்கிய பிறகு தடுப்பாட்டக்காரனைப் பார்த்து வழியை மாற்ற வேண்டும், பிரேடியும் அதையே நினைத்திருக்க வேண்டும். இருபத்தொரு வயதுப் பையனுக்கு அது பரீட்சை. ஏழாவது சுற்றுப் பையனிடம் பொறுமையாக இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். 32ஆவது தேர்வு ஹாரியிடம் ஊரே முதல் வருடமே கேட்கும். ஹாரி நல்ல தேர்வு என்று சொல்ல வரவில்லை. ஏ.ஜே. பிரவுன் இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பது திறந்த கேள்வி என்கிறேன், அவ்வளவுதான்.

ராத்தூக்கம்:

அப்படியென்றால் வளர்ப்பது கோச்சா, உதவி கோச்சா? எங்களுக்கு டிவியில் தெரிவது ஹூடி போட்ட ஒருவர் மட்டும்தான்.

ஃபாக்ஸ்பரோ_வாசி:

தம்பி, இதற்கு ஆய்வகத்தில் செய்த மாதிரி ஒரு சோதனையே நடந்திருக்கிறது.

டான்டே ஸ்கார்னெக்கியா, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்களின் பயிற்சியாளர். 1982லேயே இந்த அணிக்கு வந்தவர், பெலிச்சிக்குக்கு முந்திய ஆள். அவர் கையில் உருவானவர்களைப் பாருங்கள்: டான் காப்பன் ஐந்தாவது சுற்று. செபாஸ்டியன் வோல்மர், ஜெர்மனிக்காரர். ஸ்டீபன் நீல் கல்லூரியில் ஃபுட்பாலே ஆடாதவர், மல்யுத்த வீரர்! அவரை வைத்து சூப்பர் பவுல் ஜெயித்தார்கள்.

2013 சீசன் முடிந்து ஸ்கார்னெக்கியா ஓய்வு பெற்றார். 2015 சீசன் கடைசியில் டென்வரில் நடந்த ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். மார்கஸ் கேனன் வலது பக்கம் நிற்கிறார், டென்வரின் வான் மில்லர் அவரைச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறார். பிரேடி விழுந்து விழுந்து எழுந்தார். வீட்டில் கேனனைத் திட்டாத வாய் இல்லை. 2016இல் கிழவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். அதே கேனன், அதே இடம், அந்த வருடம் ஆல்-ப்ரோ (வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல்) இரண்டாம் அணி. சூப்பர் பவுல் வேறு. ஆள் மாறவில்லை, வாத்தியார் மாறினார்.

ஆக "பெலிச்சிக் வளர்த்தார்" என்று நாம் எழுதுவதில் ஒரு பெரிய பங்கு ஸ்கார்னெக்கியாவுடையது. அவரை மறுபடி கூட்டிவரத் தெரிந்தது பெலிச்சிக்கின் பங்கு.

ஜெட்ஸ்_பக்தன்:

அப்போது மேக் ஜோன்ஸுக்கு வாத்தியாராக யாரைப் போட்டார் என்பதும் அவர் பங்குதானே?

ஃபாக்ஸ்பரோ_வாசி:

ஐயோ, அதைக் கிளறாதீர்கள்.

ஜெட்ஸ்_பக்தன்:

கிளறுவேன். 2021இல் 15ஆவது தேர்வு, முதல் வருடம் 3,801 கெஜம், 22 டச்டவுன், பிளே-ஆஃப். நல்ல பையன், ஒப்புக்கொள்கிறேன். தாக்குதல் பயிற்சியாளர் ஜாஷ் மெக்டேனியல்ஸ் ரெய்டர்ஸுக்குப் போனார். இரண்டாவது வருடம் பையன் கையைப் பிடித்து எழுதச் சொல்லித்தர யாரைப் போட்டார்? மேட் பட்ரீசியா, பெரும்பாலும் தடுப்பாட்டம் பார்த்தவர். ஜோ ஜட்ஜ், ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும்போது இறங்கும் குழு) பார்த்தவர். கணக்கு வாத்தியார் லீவு என்று பி.டி. வாத்தியார் வந்து அல்ஜீப்ரா எடுத்த கதை. டச்டவுன் 14ஆக இறங்கியது. 2023இல் பில் ஓ'பிரையன் வந்து பார்த்தார், அதற்குள் பையனின் நம்பிக்கை போய்விட்டது, பெஞ்ச். அணி 4-13. ஜனவரியில் பெலிச்சிக்கும் வீட்டுக்கு.

எடுத்தது தப்பில்லை, வளர்த்தது தப்பு. உங்கள் பேரேட்டிலேயே சிவப்பு மையில் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:

எழுதிவிட்டேன். இதில் எனக்கு வாதமே இல்லை. அவருடைய 24 வருடத்தில் வளர்ப்புக் கணக்கில் மிகப் பெரிய நஷ்டம் அதுதான். கோல் ஸ்ட்ரேஞ்சை 29இல் எடுத்தபோது ராம்ஸ் அணிக்காரர்கள் பத்திரிகையாளர் முன்னிலையிலேயே சிரித்தார்களே, அது எடுத்த தப்பு. அது எல்லோருக்கும் நடக்கும். இது அப்படியில்லை, தெரிந்தே செய்தது.

பால்டிமோர்_அக்கா:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எல்லோரும் 2000த்தில் ஆரம்பிக்கிறீர்கள். அவர் 1991இல் இருந்து 1995 வரை கிளீவ்லாண்ட் பிரவுன்ஸில் இருந்தாரே? ஆறுதல் சொல்ல ஆளில்லாத 36-44.

அதில் ஒரு சம்பவம் உங்கள் மூன்றாவது பேரேட்டுக்கு வேண்டும். 1995 ட்ராஃப்டில் பிரவுன்ஸுக்கு 10ஆவது தேர்வு. பெலிச்சிக் அதை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துக் கீழே இறங்கினார். 30ஆவது இடத்தில் எடுத்த கிரெய்க் பவல் ஒன்றுக்கும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கைமாற்றில் 1996இன் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றும் வந்தது. அதற்குள் அணியையே எங்கள் ஊர் பால்டிமோருக்குத் தூக்கிவர முடிவாகிவிட்டது, 1996 பிப்ரவரியில் பெலிச்சிக்கை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஏப்ரலில் பால்டிமோரில் ஆள் தேர்வு பார்த்த ஓசி நியூசம் அந்தத் தேர்வை, 26ஆவதை, வைத்து எடுத்தது யாரை தெரியுமா? ரே லூயிஸ், பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் போன தடுப்பாட்டக்காரர்.

விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர். பவலை மட்டும் எழுதினால் பெலிச்சிக்கின் 1995 கணக்கு பூஜ்யம். ரே லூயிஸையும் சேர்த்தால் வரலாற்றிலேயே நல்ல கைமாற்றுகளில் ஒன்று. ஆனால் அவர் இருந்திருந்தால் 26இல் ரே லூயிஸைத்தான் எடுத்திருப்பார் என்று யார் சொன்னது? நல்ல சீட்டு வாங்கிக் கொடுத்ததற்கு மட்டும் வரவு வையுங்கள், ஆளுக்கு வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

அக்கா, கும்பிடு. ரே லூயிஸை இந்தத் தாளுக்குள் கொண்டுவருவீர்கள் என்று நினைக்கவே இல்லை.

இதை வைத்து விட்ட கணக்கை மறுபடி போட்டேன், சங்கிலி சங்கிலியாக. சீமோரை 2009இல் ஓக்லாந்துக்கு விட்டார், 2011இல் 17ஆவது தேர்வு, நேட் சோல்டர். மேன்கின்ஸை 2014இல் டாம்பாவுக்கு விட்டார், டிம் ரைட் என்ற ஆட்டக்காரரும் ஒரு நான்காவது சுற்றுத் தேர்வும் வந்தது, அது டிரே ஃபிளவர்ஸ் ஆனது. மேட் கேசல், கல்லூரியில் ஓர் ஆட்டம்கூடத் தொடக்கத்தில் இறங்காத குவார்ட்டர்பேக், 2005இல் ஏழாவது சுற்று. பிரேடி முழங்கால் போன 2008இல் இவரை வைத்து 11-5. மறு வருடம் கேசலையும் மைக் வ்ரேபலையும் கான்சஸ் சிட்டிக்கு விட்டு 34ஆவது தேர்வு வாங்கினார், பேட்ரிக் சங். சாண்ட்லர் ஜோன்ஸை அரிசோனாவுக்கு விட்டதில் வந்த இரண்டாம் சுற்றுத் தேர்வை இரண்டாக உடைத்தார், அதில் ஒன்று ஜோ தூனி.

இப்போது என் முதல் பதிவில் ஒரு ஓட்டை தெரிகிறது. இரண்டாவது ஒப்பந்தம் கொடுக்கவில்லை என்பதை வைத்து ஆள் சரியில்லை என்று முடிவு கட்டினேன். சாண்ட்லர் ஜோன்ஸுக்கும் ஜேமி காலின்ஸுக்கும் கொடுக்கவில்லை, அவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். தூனியை ஒரு வருடம் கட்டாய ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு 2021இல் கான்சஸ் சிட்டிக்குப் போகவிட்டார்கள், அங்கே போய் சூப்பர் பவுல் மோதிரம் வாங்கினார். சம்பள உச்சவரம்பு என்று ஒன்று இருக்கும்போது விடுவதும் ஒரு திறமை. ஆனால் சைரஸ் ஜோன்ஸ், டெரிக் ரிவர்ஸ் எல்லாம் விற்கப்பட்டவர்கள் இல்லை, உதிர்ந்தவர்கள். இரண்டையும் ஒரே எண்ணாகக் காட்டியது என் தப்பு.

மூன்றாம்_டவுன்:

இன்னொரு விஷயம். ஆள் தேர்வில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள். ஸ்காட் பியோலி 2009 ஜனவரியில் கான்சஸ் சிட்டிக்குப் போனார், அதற்கு முந்திய வருடம் தாமஸ் டிமிட்ராஃப் அட்லாண்டாவுக்கு. நிக் கசேரியோ 2021இல் ஹூஸ்டனுக்கு. ஒவ்வொருவராகக் கிளம்ப, "இல்லை பில், இந்தப் பையன் வேண்டாம்" என்று சொல்ல அறையில் ஆள் குறைந்திருக்கும் என்பது என் ஊகம். 2010இல் மெக்கோர்ட்டி, கிரான்கவ்ஸ்கி இரண்டு பேரையும் ஒரே ட்ராஃப்டில் எடுத்ததும் பியோலி போன பிறகுதான், ஆகவே இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

கிக்கரிலும் அதே கதை. 2006இல் நான்காவது சுற்றில் கோஸ்ட்கவ்ஸ்கி, பொன்னான தேர்வு. 2020இல் ஐந்தாவது சுற்றில் ரோர்வாசர், ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2023இல் சாட் ரைலண்ட், 25 உதையில் 16தான் உள்ளே. எந்த வாத்தியாரையும் கை காட்ட முடியாத இடம் அது.

ராத்தூக்கம்:

சரி, கடைசிச் சந்தேகம். கிறிஸ்டியன் கொன்சாலஸை எங்கே போடுவது? 2023இல் பெலிச்சிக் கடைசியாக எடுத்த முதல் சுற்று ஆள், 17ஆவது. நான்கு ஆட்டத்தில் தோள் போய் சீசன் முடிந்தது. 2024இல் ஆல்-ப்ரோ இரண்டாம் அணி. அப்போது கோச் மேயோ, அவரே பெலிச்சிக் எடுத்து வளர்த்தவர். தலை சுற்றுகிறது.

கணக்குப்பிள்ளை:

எடுத்தது பெலிச்சிக். வளர்த்தது என்ற பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன் தம்பி. நான்கு ஆட்டத்தில் என்னத்தை வளர்ப்பது.

ஜெட்ஸ்_பக்தன்:

அந்தத் தேர்விலும் எங்கள் ரத்தம் இருக்கிறது. 14இல் இருந்த பேட்ரியாட்ஸ், எங்களுக்கு நேர் முன்னால், தன் இடத்தை ஸ்டீலர்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. ஸ்டீலர்ஸ் பிராடரிக் ஜோன்ஸைத் தூக்கிக்கொண்டு போனது. நாங்கள் 15இல் அவருக்காகத்தான் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தோம் என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்புகிறோம். கீழே இறங்கி, உபரியாக ஒரு தேர்வும் வாங்கி, அப்புறமும் கொன்சாலஸ் கிடைத்தார்.

கணக்குப்பிள்ளை, எங்கள் அணிக்கும் இந்த மாதிரி ஒரு தாள் போடுங்களேன். சீக்கிரம் முடியும்.

கணக்குப்பிள்ளை:

ஆரம்பித்தேன் நண்பா. 2000த்தில் முதல் சுற்றிலேயே நான்கு தேர்வு உங்களுக்கு. அதில் ஒன்று, அப்போது உங்களிடம் இருந்த பெலிச்சிக்கை பேட்ரியாட்ஸுக்கு விட்டுக்கொடுத்ததற்கு வந்த கூலி. அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.